ட்ரம்ஸ் இல்லாத இசைத்தட்டு

மேடையில் பாடுகிறவனுக்குச் சனம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். இசைத்தட்டுப் போட்டவனுக்குத்தான் வீடு தேடி வந்து கருத்துச் சொல்லும். நான் இரண்டையும் அனுபவித்தவன். கவிதைப் புத்தகம் போட்டவர்கள், நாடகம் மேடையேற்றியவர்கள், வீட்டு முன்சுவருக்குப் புது நிறத்தில் பெயின்ற் அடித்துப் பார்த்தவர்கள், உங்களுக்கெல்லாம் நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. எங்கள் எல்லோருக்கும் ஒரே வருத்தம்தான். மருந்தும் இல்லை.

பதினைந்து வருசத்துக்குக் கிட்ட 'கடலிடி' என்ற குழுவில் மின்சாரக் கிற்றார் வாசித்தேன். பிறந்தது மயிலிட்டி, கலியாணம் கட்டிக் குடிவந்தது அரியாலை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோயில் திருவிழா, கலியாணம், பள்ளிக்கூடக் கார்னிவல் எங்கே நடந்தாலும் எங்கள் சத்தம் பக்கத்து ஊருக்கும் சேர்த்துக் கேட்கும். பெரும்பாலும் சனத்தை எழுப்பி ஆடவைக்கிற பைலாவும் பொப்பும். பெடியள் விடாமல் கேட்டால் றொக் என்று சொல்லி ஒன்று அடிப்போம். அதில் பாட்டு எது, அம்பிளிபயர் இரைகிறது எது என்று எங்களுக்கே பிடிபடாது. குழுவை நடத்தினவன் நாதன். அவன்தான் ட்ரம்ஸ். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். அவன் அடிக்கத் தொடங்கினால் பந்தலில் ஓலை உதிரும். அதைத் தன் திறமைக்குச் சாட்சியாக எல்லோருக்கும் காட்டுவான்.

ஒருநாள் என் இடது காதுக்குள் ஒரு இரைச்சல் வந்து குடியிருந்துவிட்டது. மானிப்பாயில் ஒரு காது டாக்குத்தரிடம் போனேன். அவர் விளக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, மேடையில் உமக்கு இடப்பக்கம் ஆர் நிற்கிறது என்று கேட்டார். ட்ரம்ஸ் என்றேன். ஒன்றில் ட்ரம்ஸை விடும், இல்லாவிட்டால் காதை விடும் என்றார். இதை நான் நாதனிடம் போய்ச் சொன்னபோது, அந்த டாக்குத்தர் எந்தக் குழுவுக்கு ஆள் என்று கேட்டான். அதோடு கதை நின்றது. அன்றைக்குப் பிறகு றோட்டில் கண்டால்கூட அவன் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பிவிடுவான்.

குழுவை விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்க ஏலவில்லை. மெல்லமாகப் பாடக்கூடிய எட்டுப் பாட்டு எழுதி, மரக் கிற்றார் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறிப் போய் ஒலிப்பதிவு செய்தேன். 'கரையில் ஒருவன்' என்று பெயர். உறையில் நான் கடலைப் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அதை முதலில் கையில் எடுத்த மனிசர், முகத்தைக் காட்ட உமக்கு வெட்கமோ என்று கேட்டார். வரப்போவது என்ன என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பழுதான தட்டு

பெரியகடைப் பக்கம் செல்லையா என்பவர் ஒரு இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். தட்டு வெளிவந்த கிழமை முழுக்க நான் பின்னேரத்தில் அங்கே போய், வேறு தட்டுகளைப் பார்க்கிறவன் போல நின்றேன். உண்மையில் என் தட்டை யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான். ஒருநாள் சுன்னாகப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர், என் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். முதல்நாள் வாங்கினதாம். பழுது என்றார். எங்கே பழுது என்று செல்லையா கேட்டார். பாட்டு வருகுது, கிற்றார் வருகுது, ட்ரம்ஸ் மட்டும் வரவில்லை என்றார். கடலிடியின் பாட்டுக்கு இருபது மைல் சைக்கிள் மிதித்த ரசிகராம் அவர். தன் றேடியோகிராமில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றி, ஆள் பிடித்துப் புது ஸ்பீக்கர் போட்டும் பார்த்துவிட்டார். அப்போதும் ட்ரம்ஸ் வரவில்லை.

செல்லையாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாடினவரே உங்கை நிக்கிறார், அவரைக் கேளுங்கோ என்று என்னைக் காட்டிவிட்டார். நான் பக்குவமாக விளக்கினேன்: ஐயா, இதில் ட்ரம்ஸ் இல்லை, இல்லாமலே செய்தது. அவர் நம்பவில்லை. செல்லையா தட்டைப் போட்டார். தோட்டக்காரர் கடை நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார். மூன்றாவது பாட்டில் அவருடைய தலை மெல்ல ஆடியது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊசி எடுபட்டதும் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "பாட்டிலை குறையில்லைத் தம்பி. ஆனா ட்ரம்ஸ்காரன் வராத நாளிலை ஏன் அவசரப்பட்டுப் பதிஞ்சனீர்?"

காயமில்லாத சலூன்

அரியாலைச் சந்தியில் நான் தலைமயிர் வெட்டுகிற சலூன்காரர் என் தட்டை வாங்கி, காலையிலிருந்து பின்னேரம் வரை அதையே போட்டார். முன்னர் அங்கே எப்போதும் சினிமாப் பாட்டுத்தான். இது எனக்குப் பெரிய பெருமை. தெரிந்தவர்கள் எல்லோரையும் அங்கே போய்த் தலைமயிர் வெட்டும்படி சொன்னேன். கண்ணாடிக்கு முன் கதிரையில் சாய்ந்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதை வெளியில் நின்று பார்த்து, இவர்கள்தான் ரசிகர்கள் என்று பூரித்துப் போனேன்.

ஒருநாள் நானும் அந்தக் கதிரையில் இருந்தேன். என் பாட்டில் எது அவருக்கு நன்றாகப் பிடித்தது என்று கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டேன். அவர் கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டே, தனக்குப் பாட்டில் விளக்கம் இல்லை என்றார். பிறகு என் கன்னத்தில் சவுக்காரத்தைப் பூசிவிட்டு உள்ளதைச் சொன்னார்: "உங்கடை பழைய குழுப் பாட்டுகளைப் போட்டா இருக்கிற ஆள் காலாலை தாளம் போடும், தலை ஆடும், எத்தினை காதைக் கீறினன் தெரியுமே? இந்தத் தட்டு வந்த பிறகு ஒருத்தருக்கும் காயமில்லை."

நல்லூர்க் கலியாணம்

நல்லூரில் ஒரு கலியாண வீட்டுக்கு நானும் மனைவி சரோவும் போயிருந்தோம். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே ஒலிபெருக்கியில் ஒரு பெண்பிள்ளை கீச்சுக் குரலில், மூச்சு வாங்காமல், ஒரு பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். பந்தலுக்குள் பெடியள் ஆடுகிறார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன்கூட சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நல்ல பாட்டாக இருக்கிறதே, ஆர் இந்தப் பெட்டை என்று சரோவைக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு எனக்கும் விளங்கியது. பாடுவது நான்தான். மெல்லச் சுற்ற வேண்டிய தட்டை வேகமாகச் சுற்ற விட்டிருக்கிறார்கள்.

கடலைப் பார்த்து ஒருவன் தனிமையில் உருகுகிற பாட்டு அது. அதற்கு மாமன் இடுப்பை வளைத்து ஆடுகிறார். நான் பந்தலின் பின்பக்கம் போய், ஒலிபெருக்கிக்காரரிடம், தம்பி, வேகம் பிழைச்சுப் போச்சு, குறைச்சுவிடும் என்றேன். அவர் என்னை அடையாளம் கண்டு எழும்பி நின்றார். மரியாதையான பிள்ளை. வேகம் பிழையென்று தனக்கும் தெரியும் என்றார். அப்படியென்றால் மாற்றலாமே என்றேன். அவர் சமையல் நடக்கிற பக்கத்தைக் கையால் காட்டிச் சொன்னார்: "அண்ணை, முதலிலை நீங்கள் பாடின வேகத்திலைதான் போட்டனான். விசேஷம் முடிஞ்சுதெண்டு சனம் எழும்பிப் பந்தியிலை இருந்திட்டுது. இன்னும் சோறு அவியேல்லை, கொஞ்சம் பொறுங்கோ."

விமர்சகரும் காகமும்

கனகசபை மாஸ்ரர் நல்லூரில் இருந்தார். படிப்பித்து ஓய்வு பெற்றவர், பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுகிறவர். அவர் ஒருவரைப் பற்றி எழுதிவிட்டால் அந்த ஆளுக்கு ஊரில் ஒரு கதிரை கூடுதலாகப் போடுவார்கள். அவர் என் தட்டைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் சந்திக்கு ஓடிப்போய்ப் பத்திரிகை வாங்கி, றோட்டில் நின்றே வாசித்தேன். அரைப்பக்கம் எழுதியிருந்தார். அவ்வளவும் காகத்தைப் பற்றி.

காகத்தின் கதை இதுதான். கொழும்பில் ஒலிப்பதிவு செய்த அறைக்குள் வெக்கை தாங்காமல் யன்னலைத் திறந்துவிட்டோம். நாலாவது பாட்டில் நான் ஒரு அடியை மறந்து நிறுத்தின இடத்தில், வெளியே ஒரு காகம் கத்தியது. பிறகு எனக்கு அடி நினைவு வந்து பாடி முடித்தேன். திரும்பப் பதிய நேரம் இல்லை. ரயிலுக்குப் போக வேண்டும். அப்படியே விட்டுவிட்டோம். மாஸ்ரர் அந்தக் காகத்தில் பிதிரர்களைக் கண்டிருந்தார். சனிபகவானையும் கண்டிருந்தார். கரையில் நிற்கும் மனிதனின் தனிமைக்கு இயற்கை சொல்லும் பதில் என்றும், அதற்கு முன்னால் வரும் மௌனம் புதிய தமிழ் இசையில் ஒரு துணிச்சல் என்றும் எழுதியிருந்தார். என் குரலைப் பற்றியும் ஒரு வசனம் இருந்தது: பாடகர் காகத்துக்கு இடையூறு இல்லாமல் பாடியிருக்கிறார்.

நன்றி சொல்லாமல் இருக்கலாமா? இதரை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் மனம் கேட்கவில்லை. காகம் தானாக வந்தது, மௌனம் நான் அடியை மறந்தது என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது வேறு ஆருக்கும் தெரியுமோ என்று கேட்டார். மனைவிக்கு மட்டும் என்றேன். அவர் ஒரு பழத்தை உரித்துக்கொண்டே சொன்னார்: "நல்லது. இனி ஒருத்தருக்கும் சொல்லாதையும். நீர் பாட்டைப் பாடும். அர்த்தத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்."

கெதியாய் ஒரு முடிவு

நல்லூரில் பிள்ளைகளுக்கு ரியூசன் நடக்கிற ஒரு ரியூற்றரியின் பின் அறையில் நான் சனிக்கிழமைகளில் கிற்றார் பழக்கி வந்தேன். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். தட்டு வெளிவந்த மாதம் அவளுடைய தகப்பன் வந்து, இனி மகளை அனுப்பவில்லை என்றார். மனிசர் அரசாங்கக் கச்சேரியில் கோப்புப் பார்க்கிறவர். கோபமாகக் கதைக்கத் தெரியாது. என் பழக்கலில் ஏதும் குறையோ என்று கேட்டேன். இல்லையில்லை, உங்கடை தட்டை வாங்கி வீட்டில் எல்லோரும் இருந்து கேட்டோம், அதற்குப் பிறகுதான் யோசித்தேன் என்றார். கேட்டு என்ன யோசித்தீர்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, என் மனம் நோகாமல் சொல்லப் பார்த்தார்: "மெல்லமா வாசிக்க இவளுக்கு இப்பவே தெரியும் மாஸ்ரர். கெதியா வாசிக்கப் பழக்குவியள் எண்டுதானே விட்டனான்."

விமர்சனக் கூட்டம்

காகத்தின் புகழ் பரவியதில், என் தட்டுக்கு ஒரு விமர்சனக் கூட்டம் வைத்தார்கள். அதே ரியூற்றரி மண்டபம், கனகசபை மாஸ்ரர் தலைமை. நான் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு முன் வாங்கில் இருந்தேன். மேசையில் மாலை போட்ட என் தட்டு. பக்கத்தில், இரவல் வாங்கிவந்த பிளேயர் ஒன்று. முதலில் பேசியவர் கடல் என்பது தமிழ் இலக்கியத்தில் எங்கெங்கே வருகிறது என்று சொல்லத் தொடங்கினார். நெய்தலை விட்டு அவர் வெளியில் வர ஒரு மணித்தியாலம் ஆயிற்று. அடுத்தவர் முற்போக்கானவர். கடலைப் பாடிய இவர் மீன் விலையைப் பாடவில்லை என்று குற்றஞ்சாட்டினார். என் அப்பு வாழ்க்கை முழுக்க மயிலிட்டியில் மீன் விலையைப் பற்றித்தான் கதைத்தார், அதைக் கேட்டு அலுத்துத்தான் நான் கிற்றார் எடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து இருத்திவிட்டார். மூன்றாவது ஆள் கிற்றார் எங்கள் பண்பாடா என்ற கேள்வியை எடுத்து, ஆம் என்றும் இல்லை என்றும் சமமாக நிறுவினார்.

மூன்று பேருமே தட்டைக் கேட்டதில்லை என்பது அவர்களுடைய பேச்சிலேயே தெரிந்தது. உறையை மட்டும் வடிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் என் முதுகைப் பற்றி நன்றாகவே பேசினார். சபையில் இருந்த ஒரு ரீச்சர் அம்மா எழும்பி, ஐயா, பிளேயர்தான் இருக்குதே, ஒரு பாட்டையாவது போட்டுக் காட்டலாமே என்று கேட்டார். மண்டபம் முழுக்க ஓம் ஓம் என்றது. மாஸ்ரர் மணிக்கூட்டைப் பார்த்தார், நன்றியுரைக்காகக் காத்திருந்தவரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு எழும்பித் தீர்ப்புச் சொன்னார்: "பாட்டை நீங்கள் வீட்டிலை போட்டுக் கேக்கலாம். இந்த மூண்டு பேரையும் வீட்டிலை வைச்சுக் கேப்பியளோ?"

நீலச் சீலை

ஐந்தாவது பாட்டில் ஒரு பெண் வருவாள். நீலச் சீலையோடு கரையில் நிற்பாள், படகைப் பார்த்துக் கை காட்டுவாள். சரோ அந்தப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். எனக்கு உள்ளூரச் சந்தோசம். ஒருநாள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், அந்தப் பெட்டை ஆர் என்று கேட்டாள். நீதான் என்றேன். அவள் நம்பவில்லை. தான் ஒருநாளும் படகுக்குக் கை காட்டினதில்லை என்றாள். கலியாணத்துக்கு முதல் நான் தன்னைப் பார்த்தது அரியாலையில் அவர்களுடைய வீட்டுக் கிணற்றடியில்தான், அதுவும் ஒரு தரம்தான் என்பதையும் நினைவுபடுத்தினாள். பாட்டென்றால் அப்படித்தான், கொஞ்சம் மாற்றுவோம் என்று சமாளித்தேன்.

சரி என்றாள். மிளகாயைப் பரப்பி முடித்தாள். தப்பிவிட்டேன் என்று நினைத்து எழும்பினேன். அப்போதுதான் கேட்டாள்: "என்னைப் பற்றித்தான் பாடினதெண்டா என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. நான் எப்ப நீலம் உடுத்தனான்?"

வானொலியில் என் பெயர்

வானொலியில் என் பாட்டைப் போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பின்னேரம் மரண அறிவித்தல் முடிந்ததும் உள்ளூர்க் கலைஞருக்கு ஒரு சின்ன நிகழ்ச்சி. நானும் சரோவும் றேடியோவுக்கு முன்னால் தேத்தண்ணியோடு இருந்தோம். அன்றைக்கு மரண அறிவித்தல் நீண்டுகொண்டே போயிற்று. அறிவிப்பாளருக்கும் களைத்துப் போயிருக்க வேண்டும். இடையில் இசையும் விடாமல், நிகழ்ச்சியின் பெயரும் சொல்லாமல், அதே குரலில் தொடர்ந்தார்: யாழ்ப்பாணம், அரியாலையைச் சேர்ந்த சுப்பிரமணியம். என் பெயருக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு கிற்றார். 'போயிட்டு வாறன் எண்டு சொல்லாமல் போறன்' என்று தொடங்குகிற பாட்டை, எட்டுப் பாட்டிலும் அதைத்தான், தேடி எடுத்திருந்தார்கள்.

பாட்டு முடிய முன்னமே எதிர்வீட்டு இராசம்மா அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தா. என்னைக் கண்டதும் இன்னும் பெரிதாகக் குழறினா. அவவைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே ஒழுங்கை முழுக்கச் சைக்கிள். சரோ அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற அடுப்படிக்கு ஓடினாள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்கலாமோ என்று சிலர் யோசித்தார்கள். இவர்களுக்கு நடுவில் ஒருவன், சேட்டுத் தெறியை மாறிப் பூட்டிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, மூச்சு இரைக்க வந்து படலையடியில் சைக்கிளை நிற்பாட்டினான். நாதன். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் கதிரையில் இருந்து எழும்பினேன். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். சரோ பின்னால் ஓடிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக, மானிப்பாயிலிருந்து என் பெரியப்பா வாடகைக் கார் பிடித்து, வெள்ளை வேட்டியோடு வந்து இறங்கினார். வரும் வழியில் பந்தல்காரனுக்கும் சொல்லிவிட்டாராம். நான் உயிரோடு இருப்பது அவருக்குச் சந்தோசம்தான்; ஆனாலும் பந்தல்காரனுக்கு என்ன மறுமொழி சொல்வது என்பதுதான் யோசனை. பெயரைக் கேட்ட உடனே இப்படி வெளிக்கிடலாமோ, கொஞ்சம் பொறுத்து விசாரித்திருக்கலாமே என்று நான் குறைப்பட்டேன். பெரியப்பா கதிரையில் இருந்து, வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பேரைக் கேட்ட உடனை நானும் சந்தேகப்பட்டனான். பாட்டையும் கேட்டாப் பிறகு என்னத்தைச் சந்தேகப்பட?"

எனக்கு வேலை இல்லை

செத்துப் பிழைத்த பாடகர் என்று பெயர் வந்துவிட்டதால், வாசிகசாலை ஒன்று தன் ஆண்டுவிழாவுக்கு என்னைத் தனியாகப் பாடக் கூப்பிட்டது. நல்லூரில், பின்னேர வெய்யில் தணிந்த நேரம். நல்ல சனம். மேடையில் ஒரு கதிரை, ஒரு மைக், நான். இவ்வளவு பெரிய மேடையில் தனியாக இருந்தது எனக்கு அதுதான் முதல் தரம். முதல் பாட்டை நான் பாடியது எனக்கே கேட்கவில்லை. கச்சான் கடலை உடைக்கிற சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம். முன்னால் இருந்த பெடியள், மற்ற ஆக்கள் எப்ப வருவினம் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒருவர் பைலா கேட்டார். மூன்றாவதோடு எழும்பி, காது வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று தீர்மானித்தேன்.

அப்போது சனத்துக்குப் பின்னால் ஒரு சலசலப்பு. நாதன் வருகிறான். நேரே நடந்து வந்து மேடையில் ஏறினான். என்னைப் பார்க்கவில்லை. ஒரு கதிரையைத் தூக்கிவந்து, என் வலப்பக்கம், கொஞ்சம் தள்ளிப் போட்டு இருந்தான். கையில் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சனத்தை முறைத்துப் பார்த்தான். அவனைத் தெரியாத ஆள் அங்கே இல்லை. கடலிடி நாதன் மேடையில் ஏறிவிட்டான், இனி என்னத்தையோ அடிக்கப்போகிறான் என்று சனம் காத்திருந்தது. கச்சான் உடைப்பது நின்றது. பிள்ளைகளைப் பிடித்து மடியில் இருத்தினார்கள். நான் மூன்றாவது பாட்டைத் தொடங்கினேன். ஒரு சொல் தவறாமல் எல்லோருக்கும் கேட்டது. அவன் அடிக்கவில்லை. அடுத்த பாட்டில் அடிப்பான் என்று சனம் இன்னும் அமைதியாக இருந்தது. அதிலும் அடிக்கவில்லை. ஐந்தாவது, ஆறாவது, கடைசி வரைக்கும் அவன் ஒரு விரலையும் அசைக்கவில்லை. ஏழாவது பாட்டு வந்தபோது சனம் அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எட்டாவது முடிந்ததும் ஒருவரும் உடனே கைதட்டவில்லை. பிறகு தட்டினார்கள், பந்தல் ஓலை உதிரும்படி என்று சொல்ல ஆசைதான். பந்தல் போடவில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

மேடைக்குப் பின்னால் இருவரும் சோடா குடித்தோம். டாக்குத்தர் சொன்னதுக்காகத்தான் இவ்வளவு கோபமோ என்று கடைசியில் கேட்டேன். அந்தக் கோபம் தட்டு வரும் வரைக்கும்தான் என்றான். சோடாவைக் குடித்து முடித்து, போத்தலைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: "உன்ரை தட்டை வீட்டிலை போட்டுப் போட்டு, கூடச் சேந்து தட்டிப் பாத்திட்டன். எட்டுப் பாட்டிலை ஒரு இடத்திலையும் எனக்கு வேலை இல்லை. அதுதான்ரா கோவம், மற்றபடி பாட்டு நல்லம்."

இவ்வளவையும் வாசித்த பிறகும் இசைத்தட்டுப் போட ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள், ஆனால் பாடப் பழகுவதற்கு முதல் கேட்டுக்கொண்டிருக்கப் பழகுங்கள், ஏனென்றால் பாடப்போவது எட்டே பாட்டு, கேட்கப்போவது ஆயுள் முழுக்க.